சுங்கைபீசிக்குப் போனவர்

...கேட்டிருக்கக் கூடாதுதான், ஆனால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்குப் படியிறங்கினால் கேட்காமல் எப்படி இருப்பது, "என்னங்கய்யா, எங்க கெளம்பிட்டீங்க?" என்று வாய் கேட்டுவிட்டது, போகிறவரை எங்கே என்று கேட்டால் காரியம் உருப்படாது என்று தெரிந்தும்... எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து விநாயகமூர்த்தி, அறுபத்திரண்டு வயது, ரயில்வேயில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர், சகுனத் தடை கழிய அப்படியே திரும்பி உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார், அதற்குள் அவருக்காக முனையில் நின்ற ஜப்பான்காரன் லோரி போய்விட்டது. வரைபட வேலைக்குச் சிங்கப்பூருக்கு விமானத்தில் வரச்சொல்லி அவர்கள் உத்தரவு, பிந்திப் போனால் கன்னத்தில் அறை நிச்சயம், அதற்கு மேலும்... கடைசியில் எங்கள் தெருப் பையன் மைதீனுடைய சைக்கிளின் பின்னால், டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிள், குடையை மடியில் வைத்துக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி ஒருபக்கமாக உட்கார்ந்து போனார், எனக்குச் சிரிப்புகூட வந்தது, பாவி. "சுங்கைபீசி விமானத்திடல் வாசல்ல எறக்கி விட்டேங்க்கா, காவக்காரன் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனான், அப்புறம் தெரியல லா" என்றான் மைதீன். அது நாற்பத்து மூன்றாம் வருஷம், அதன்பிறகு அவர் திரும்பவில்லை.

இப்போது ஜப்பான்காரன் சரணடைந்து ஒரு மாதம், சிங்கப்பூரிலிருந்து விமானங்கள் வருகின்றனவாம், அவர் மனைவி நேசம்மா, அவளுக்கும் அறுபது இருக்கும், தினமும் அதே சைக்கிளில் சுங்கைபீசி போய் நின்றுவிட்டு வருகிறாள். அவள் கிளம்பும் நேரத்தில் நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன், என் கதவு சாத்தியிருப்பதே இந்தத் தெருவில் ஒரு செய்தி. மரவள்ளிக்கிழங்கு உரிக்கும்போது பக்கத்தில் யாரோ தண்ணீர் விழுங்குகிறார்கள், மடக் மடக்கென்று, திரும்பினால் யாருமில்லை... இன்று அவளே கதவைத் தட்டினாள், போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல. என்னால் முடியவில்லை, "நான் கேட்டதாலதானே நேசம்மா, லோரி போச்சு, பிந்திப் போனாரு..." என்று கொட்டிவிட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீங்க கேட்டது நல்லதாப் போச்சுதெண்டுதான் அவர் நினைச்சவர், பவுனம்மாக்கா. போனால் திரும்பமாட்டன், நான் போகேல்லை எண்டு கதிரையில இருந்திட்டார். வந்து வீட்டைக் கொளுத்துவாங்கள், எழும்புங்கோ எண்டு நான்தான் மைதீனைக் கூப்பிட்டு ஏத்தி விட்டனான்."

சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள், மைதீன் மிதித்தான், குழாய் டயர் கல்லில் தடதடத்தது... ஆக நான் இல்லையா, இரண்டு வருஷம் சுமந்தது என்னுடையது இல்லையா, அப்பாடா என்றல்லவா இருக்க வேண்டும், பிறகு ஏன் என்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டு போகிறவளைப் பார்ப்பதுபோல அவள் முதுகையே பார்த்து நிற்கிறேன், அந்த வீட்டுத் துக்கத்தில் எனக்கென்று இருந்த பங்கு அது ஒன்றுதானோ...