குமுதினி பார்த்த இடப்பக்கம்

இன்டர்வியூ வீடியோவை ரோஷினி நான்காவது முறையாக ஓடவிட்டாள். ஒவ்வொரு கேள்விக்கும் குமுதினியின் கண்கள் இடப்பக்கம் போயின. மூன்று நான்கு விநாடிகள் அங்கேயே தங்கின. திரும்பி வரும்போது பதில் முழுதாக இருந்தது, ஒரு தடுமாற்றம்கூட இல்லாமல்.

அதுதான் சிக்கல். ரிச்சர்ட்சன் நகரில் ஒரு டெலிகாம் நிறுவனத்தின் மேனேஜர் நஞ்சுண்டன் ஒரே வரியில் மறுத்திருந்தார்: "பார்த்துப் படிக்கிறாங்க, வேணாம்."

அவருக்கு ஆள் தேடித் தரும் ரெக்ரூட்டர் ரோஷினி. அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. இந்த வருடம் அவளுக்கு வரும் ரெஸ்யூமேக்களில் பாதி ஏ.ஐ. எழுதியவை. இன்டர்வியூவிலும் திரையோரம் ஏ.ஐ. பதில் ஓட, அதை அப்படியே வாசிப்பவர்கள் உண்டு. நஞ்சுண்டன் அப்படி ஒருவரை எடுத்து இரண்டு மாதம் அவதிப்பட்டிருந்தார்.

நியூ ஜெர்சியில் இருந்த குமுதினிக்கோ வேலை போய் நாற்பத்தொரு நாள். அறுபது நாளுக்குள் வேறொரு நிறுவனம் அவள் விசாவுக்கு விண்ணப்பிக்காவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ரோஷினி அவளை அழைத்து நேராகவே கேட்டாள்.

"அக்கா, அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஜன்னல். யோசிக்கேக்க ஆக்களின்ர முகத்தைப் பார்த்தா எனக்குப் பதில் வராது."

ரோஷினி நம்பினாள். அவர்கள் முதன்முதலில் போனில் பேசியபோது குமுதினி பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தாள். முன்னால் திரை இல்லை, காற்று மட்டும். ஒரு நகரத்தின் நெட்வொர்க் விழுந்த கதையை அவள் சொல்லச் சொல்ல, டவர்கள் ஒவ்வொன்றாகக் கண்மூடுவதை ரோஷினி பார்த்தாள். நடுவில் ரயில் வந்தது. கதை முடியாததால் குமுதினி ஏறவில்லை.

நேரில் வரவழைத்துப் பாருங்கள் என்று ரோஷினி நஞ்சுண்டனிடம் சொன்னாள். அவர் இழுத்தார். ரோஷினி வேலைக்கு அனுப்பியவர்களில் பாதிப் பேர் அவர் நிறுவனத்தில்தான் இருந்தார்கள். இருந்தும் சொன்னாள்.

"அவங்க தேறலைன்னா, இனிமே நான் அனுப்பற எந்த ரெஸ்யூமேயும் நீங்க ஓப்பன் பண்ண வேணாம் சார்."

"ஏம்மா, இதையும் ஏ.ஐ.தான் எழுதிக் குடுத்துச்சா?" என்று சிரித்தார். ஆனால் வியாழக்கிழமை வரச் சொன்னார்.

வியாழனன்று விமானத்தில் வந்த குமுதினியோடு ரோஷினியும் உள்ளே உட்கார்ந்தாள். அறையில் ஜன்னல் இல்லை. நஞ்சுண்டன் தயாரித்து வைத்திருந்த கேள்விகளை ஒதுக்கிவிட்டு, அன்று காலையிலிருந்து தன் குழுவே விடை தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த ஒரு கோளாறைப் போர்டில் வரைந்தார். இரண்டு நெட்வொர்க் மையங்களுக்கு நடுவே அழைப்புகள் அறுந்துகொண்டிருந்தன. அந்த அழைப்புகளின் பதிவுகளை அச்சிட்ட தாள்களை நீட்டினார்.

குமுதினி படித்தாள். பிறகு இடப்பக்கம் திரும்பினாள். அங்கே வெறும் வெள்ளைச் சுவர். ஒரு நிமிடம் போனது. நஞ்சுண்டனும் தன்னையறியாமல் அந்தச் சுவரைப் பார்த்தார். ரோஷினிக்கு அது தேவைப்படவில்லை.

"ரெண்டு இடத்து மணிக்கூடும் ஒத்துப்போகேல்லை" என்றாள் குமுதினி. "ரெண்டாவது பதினொரு செகண்ட் பின்னுக்கு நிக்குது."

நஞ்சுண்டன் லேபுக்கு போன் செய்து சரிபார்க்கச் சொன்னார். பதினொரு செகண்டேதான் என்று பதில் வரும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு ரோஷினி பக்கம் திரும்பினார்.

"இன்னைக்கே லாயர்கிட்ட விசா பெட்டிஷன் வேலைய ஸ்டார்ட் பண்ணச் சொல்றேன்."

குமுதினி காதில் அது விழவில்லை. சுவரிலிருந்து கண்ணெடுக்காமல், கையை மட்டும் அவரிடம் நீட்டினாள்.

"அந்த மார்க்கரைத் தாங்கோ. இன்னொரு பிழையும் கிடக்கு."