ஒரே டாக்டர்

குடும்ப மருத்துவத்தில் மேற்பயிற்சி முடித்து இந்தச் சுகாதார நிலையத்துக்கு வந்த முதல் வாரமே அந்த இளம் டாக்டர் இன்னொருத்தியாகிவிட்டாள். ஆக்கியவர் நர்ஸ் அக்கா.

"அந்த வீட்டுல அதிகம் பேசாதீங்க. குரல் மாறியிருக்கேன்னு கேட்டா ஜலதோஷம்னு நான் சமாளிச்சுக்கறேன்" என்று வழியிலேயே பாடம் நடத்தினார்.

வீடு, ஓய்வுபெற்ற பஸ் டிரைவருடையது. சர்க்கரை நோய் அவர் கண்களைப் பறித்துக்கொண்டு காலில் புண்ணையும் கொடுத்திருந்தது. முதலில் பார்த்த டாக்டர் வேலையை விட்டுப் போனதும் மனிதர் கோபத்தில் மாத்திரையைத் தொடவில்லை. ஒரு கால்விரலே போயிற்று. அதிலிருந்து, பழைய டாக்டரே திரும்பி வந்துவிட்டார் என்று சொல்லி, யார் வந்தாலும் அதே டாக்டர்தான் என்று அக்கா சாதித்துவந்தார். இவள் நான்காவது.

"காலை எடுக்க விடமாட்டேன்னு நீதானேம்மா சொன்ன?" என்பார் டிரைவர். சொன்னது எவளோ. இவள் தலையாட்டுவாள். ஆட்டியது அவருக்குத் தெரியாதே என்று பிறகுதான் உறைக்கும்.

இரண்டு வருஷமாக இதே பிழைப்பு. போனவர்கள் கொடுத்த வாக்கெல்லாம் அவள் வாயில் குடியேறிவிட்டது. தனியாக இருக்கும்போது தொண்டையைச் செருமினால், வேறு யாரோ செருமியது போலிருக்கும். பயமாகத்தான் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் இதயப் பிரிவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. அண்ணன் போனில் குதித்தான். "அங்க பத்து வருஷம் இருந்தாலும் அதே நாற்காலிதான். அடுத்த படின்னு ஒண்ணு இருக்கா? கிளம்பி வா." அவன் சொன்னதில் தப்பில்லை. சரி என்றாள்.

"அவர்கிட்ட மூச்சு விடாதீங்க" என்றார் அக்கா. "அடுத்து வர்றவங்களுக்கும் ஜலதோஷம் பிடிக்கட்டும்."

கடைசி நாள். கட்டுப் போட்டு முடித்தாள். அக்கா கை கழுவப் போயிருந்தார். டிரைவர் குரலைத் தாழ்த்தினார்.

"நீ நாலாவது."

கத்தரிக்கோலைப் பையில் போடப் போனவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"முதல் பொண்ணு ஏதோ முணுமுணுத்துக்கிட்டே கட்டுப் போடும். ரெண்டாவதுக்குக் கை நடுங்கும். மூணாவது அவசரக்காரி. நீ வாயே திறக்கமாட்ட. இன்னிக்குக் கட்டை ரெண்டு தடவை சரிபார்த்தியே, அவங்களும் கடைசி நாள்ல அப்படித்தான். நர்ஸம்மா பாவம், மெனக்கெட்டுக் கதை கட்டுது. அதைக் கெடுப்பானேன்?"

"மாத்திரை?" என்றாள். அதுதான் முதலில் வாயில் வந்தது.

"போட்டுக்கறேன். வர்றவளும் பாவம்தானே." கட்டைத் தடவிப் பார்த்தார். "மூணு பேருமே கடைசியா 'போயிட்டு வர்றேன் மாமா'ன்னுதான் சொன்னாங்க. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா, அவங்கள்ல ஒருத்தியோன்னு இருக்கு. யாரும் வராதப்பவும் கேக்குதும்மா."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதே வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. அந்த மூன்று பேரும்தான் உள்ளேயிருந்து தள்ளுகிறார்களோ என்று உடம்பு சிலிர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். விடைபெறும்போது யாரும் சொல்லத் துணியாததைச் சொன்னாள்.

"போறேன் மாமா."

அவர் முகம் சுருங்கியது. பிறகு மெல்லச் சுவரில் சாய்ந்தார்.

"நல்லது. உனக்காகக் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாம்."