இரண்டு ஆரம்பங்களும் எட்டு லிட்டர் ஆயிலும்

1

இந்தக் கதை எனக்கு ஓர் உதிரிபாகக் கடையில், முதுகுக்குப் பின்னாலிருந்து கிடைத்தது. வைப்பர் வாங்க வரிசையில் நின்றிருந்தேன்.

"சிந்தெடிக் வேண்டாங்க. ரொம்ப வழுக்கும்."

"வழுக்கத்தானேம்மா ஆயிலே ஊத்துறோம்?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. முகம் தெரிந்துவிட்டால் கதைக்கு வேண்டிய குரல் என் காதிலிருந்து போய்விடும். அந்தப் பெண் கடைசல் பட்டறையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவள், ஆண் அவள் புருஷன், தையல்காரர் என்று நானாக வைத்துக்கொண்டேன். அறுபது வயதுக் கார் ஒன்றின் இன்ஜினை நான்கு வருடமாகப் பிரித்து, தேய்த்து, கோத்து முடித்திருக்கிறாள். கிளப்பிப் பார்ப்பதுதான் பாக்கி.*

* காரின் நிறம்? குரலில் நிறம் தெரியாது. பிடித்ததை அடித்துக்கொள்ளுங்கள்.

2

முதல் ஆரம்பம்:

கடைசல்காரி சாதாரண மினரல் ஆயில் நான்கு லிட்டரை இன்ஜினில் ஊற்றி, மூடியை இறுக்கிவிட்டு, முகம் கழுவப் போனாள். அவள் மனதில் ஒரு

(ஒரே ஆள். பேச்சும் இல்லை, மூச்சும் இல்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது ஆரம்பம்:

தையல்காரர் பூனை நடை நடந்து ஷெட்டுக்குள் வந்தார். கையில் உயர்ந்த ரக சிந்தெடிக் ஆயில். நான்கு வருடமாக அந்த இன்ஜினில் ஒரு திருகைக்கூட அவள் அவரைத் தொட விட்டதில்லை. "என் பங்குக்கு இது ஒண்ணாவது உள்ள இருக்கட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே நான்கு லிட்டரையும் ஊற்றினார்.

ஆகா! மாட்டிக்கொண்டார்! நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தேன்.

3

"என்னங்க, கொஞ்சம் வாங்க."

"சொல்லும்மா."

"இந்த அளவுக் கம்பியப் பாருங்க. ஆயில் மேல் கோட்டத் தாண்டி நாலு விரல் நிக்குது. நான் ஊத்துனது நாலே லிட்டர்."

"நீயும் ஊத்துனியா?"

"நீயும்னா?"

முதல் ஆரம்பத்தைப் புரட்டிப் பார்த்தேன். அடித்த ஆரம்பத்தில் வார்த்தைகள் போயின, ஆயில் போகவில்லை! வடிக்க மறந்தது நான். வாங்கிக் கட்டிக்கொள்வது அவர்.

"சிந்தெடிக்கா ஊத்துனீங்க? புது பிஸ்டன் ரிங் சிலிண்டரோட உரசி உரசித்தான் செட் ஆகும். கிளப்பின முதல் இருபது நிமிஷம்தான் அதுக்கு நேரம். அப்பவே வழுக்க விட்டா நாலு வருஷ வேலையும் புகையாப் போயிடும். மறுபடி எல்லாத்தையும் பிரிக்கணும்."

"நாலு வருஷமா விளக்குப் பிடிச்சேனே, ஒரு நட்டு முடுக்க விட்டியா?"

"விளக்க நேராப் பிடிச்சீங்களா?"

அதற்கு மேல் முடிவை நானே எழுதிப் பார்த்தேன்.

4

முடிவு அ: அவள் கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போகிறாள். (அங்கே போய் யாரிடம் இன்ஜினைப் பற்றிப் பேசுவாள்? அடி.)

முடிவு ஆ: வீம்புக்கு அப்படியே கிளப்பினாள்; இன்ஜின் ஒரு

(மாட்டாள். கம்பியைப் பார்த்த பிறகு சாவியைத் தொடுகிறவளா அவள்?)

நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்க, குரல் தானாகவே வந்தது.

"அடியில இருக்கிற போல்ட்டக் கழட்டுங்க. இந்தாங்க ஸ்பேனர்."

"நானா?"

"பின்ன, கதை எழுதுறவங்களா வந்து வடிப்பாங்க?"

(கேட்டது, தாயே. நன்றாகக் கேட்டது.)

எட்டு லிட்டரும் கடகடவென்று வாளியில் இறங்கியது.

"என்னோடது வீணாப்போச்சே."

"மினரல் ஆயில் விருந்தாளி மாதிரிங்க. எண்ணூறு கிலோமீட்டர், ரிங் செட் ஆனதும் கிளம்பிடும். அப்புறம் காலத்துக்கும் உங்க சிந்தெடிக்தான். வாங்கிட்டு வந்து நீங்களே ஊத்துங்க."

"எவ்வளவு?"

"நாலு! நாலே நாலு!"

இருவரும் சிரித்தார்கள். நானும்தான். பக்கத்து அறையிலிருந்து என் மருமகள் எட்டிப் பார்த்தாள்.

5

போல்ட்டை அவரே முடுக்கினார். புது மினரல் ஆயில் நான்கு லிட்டர் உள்ளே போயிற்று.

"இந்தாங்க சாவி. திருப்புங்க."

"முதல் தடவை நீயே திருப்பும்மா."

அதோடு நிற்கிறது. மூன்று நாளாகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறேன். நான் திருப்பமாட்டேன், ஒரு தடவை கெடுத்த பழியே போதும். சாவியை நீங்கள் பிடியுங்கள். ஆனால் திருப்புவதற்கு முன் அந்த அளவுக் கம்பியை உருவிப் பார்த்துவிடுங்கள். படிக்கும்போது நீங்களும் மனதுக்குள் ஓர் ஆரம்பம் எழுதி அடித்திருப்பீர்கள். அதில் யார் எவ்வளவு ஊற்றினார்களோ!