பச்சைக்கு முக்கோணம்

1

இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. தேனியில் ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது முத்துலட்சுமி சொன்னாள். என் மனைவியோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண். சொந்த ஊர் கெங்குவார்பட்டி. நான் எழுதுகிறவன் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள்.

"எங்க கிளாஸ்ல ஒரு பையனுக்குப் பச்சையும் செவப்பும் ஒண்ணாத் தெரியும்ணே. அவுக வீட்டுல ஏலக்கா யாவாரம். அவன் யாருகிட்டயும் சொல்லல. நானும் கேட்டுக்கல."

அதற்குள் சாம்பார் வந்துவிட்டது.

மீதியைப் பிறகு துண்டு துண்டாகக் கேட்டு வாங்கினேன். கிடைக்காத இடங்களை நானே நிரப்பியிருக்கிறேன். எங்கே நிரப்பினேன் என்பதை முடிந்த அளவு சொல்லிவிடுகிறேன். பெயர்கள் எல்லாம் மாற்றியவை, அவளுடையது உட்பட.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்த ஆண்டு ஜூலையில் கம்பம் பள்ளத்தாக்கின் மேல் மேகங்கள்" — வேண்டாம். மேகங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது தொடக்கம்: "விஜய்ராஜைப் படைக்கும்போது கர்த்தர் அவன் கண்களில்" — இதை முடிக்க எனக்குத் துணிவில்லை. எழுத உட்காரும் முன் ஜெபிக்கிற பழக்கம் உள்ளவன் நான். அவர் எதை வைத்தார், எதை வைக்காமல் விட்டார் என்று கணக்குச் சொல்வது என் வேலை அல்ல.

மூன்றாவது சாதாரணமானது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

2008இல், தேனிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில், எம்.சி.ஏ. கடைசி ஆண்டுக்குப் புதிதாக ஒரு பாடம் வந்தது. எண்களைக் கணினியால் படமாக வரைகிற பாடம். நடத்தியவர் சுந்தரலிங்கம். 'ஆர்' என்கிற கணினி மொழியைத் தானே படித்துக் கற்றுக்கொண்டு வந்து சொல்லிக்கொடுத்தார். வகுப்பில் இரண்டு இரண்டு பேருக்கு ஒரு கணினி. போடி ஏலக்காய் வியாபாரி பலவேசத்தின் இளைய மகன் விஜய்ராஜும் முத்துலட்சுமியும் ஒரே கணினியில் உட்கார்ந்தார்கள். வருகைப்பதிவில் பெயர்கள் அடுத்தடுத்து வராவிட்டாலும், மற்ற எல்லோரும் ஜோடி சேர்ந்த பிறகு மிஞ்சியவர்கள் இவர்கள் இருவரும்தான்.

(காதல் கதையா என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். நானும் கேட்டேன். "ஒங்களுக்கு வேற ஒண்ணும் தோணாதாண்ணே?" என்றாள். அத்தோடு விட்டுவிட்டேன். நீங்களும் விட்டுவிடுங்கள்.)

3

விஜய்ராஜுக்கு அந்தப் பாடம் பிடித்திருந்தது. ஏன் என்பதை இங்கே நான் ஊகிக்கிறேன்.

அந்த மொழியில் நிறம் ஒரு சொல். கோடு சிவப்பாக வர வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் 'ரெட்' என்று தட்டினால் போதும். பச்சைக்கு 'கிரீன்'. கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. வீட்டில், கடையில், மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் எங்கும் நிறம் என்பது பார்க்க வேண்டிய ஒன்று. இந்த ஒரு அறையில் மட்டும் அது எழுத வேண்டிய ஒன்று. எழுத்தில் அவன் தவறியதே இல்லை.

அவனுடைய பயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

பலவேசம் வீட்டில் ஒரு வழக்கம். மகன் கடையில் உட்காரும் நாளில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும், போதகர் வந்து ஜெபிப்பார். சொந்தக்காரர்களும் பக்கத்துக் கடைக்காரர்களும் சுற்றி நிற்பார்கள். வெள்ளைத் துணி விரித்து, பெரிய தாம்பாளத்தில் கலப்புக் காய் கொட்டுவார்கள். நல்ல பச்சைக் காய் ஒரு பக்கம், நிறம் மாறிப் பழுத்த காய் ஒரு பக்கம் என்று அவன் தன் கையால் பிரித்துக் காட்ட வேண்டும். பச்சைக் காய் காணிக்கையாகக் கோயிலுக்குப் போகும். அண்ணன் பேசிக்கொண்டே பிரித்தானாம்.

விஜய்ராஜ் பி.எஸ்ஸி. படித்தான். பிறகு எம்.சி.ஏ. சேர்ந்தான். அவனுக்குப் படிப்பில் அப்படி ஒரு ஆசை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இனிமேல் படிக்க யாரும் விடப்போவதில்லை. படிப்பு முடிந்தால் தாம்பாளம்.

4

வகுப்பில் ஒவ்வொருவரும் தன் ஊரில் கிடைக்கும் எண்களைக் கொண்டுவந்து வரைய வேண்டும். பாண்டீஸ்வரன் என்று ஒருவன், சீலையம்பட்டிக்காரன், திராட்சை லாரிகளைக் கொண்டுவந்தான். விஜய்ராஜ் அப்பா கடைக்கு மாதாமாதம் வந்த காயின் எடையைக் கொண்டுவந்தான். மூன்று கோடுகள். பச்சைக் காய்க்குப் பச்சை, பழுத்த காய்க்குச் சிவப்பு, வெடித்த காய்க்கு நீலம். நீலத்தில் அவனுக்குத் தடுமாற்றம் கிடையாது.

வெளித்தேர்வாளர் வருவதற்கு முந்தைய வாரம் ஒத்திகை. படத்தைச் சுவரில் பெரிதாக விழவைத்து, ஒரு கம்பைக் கையில் கொடுத்து, சுந்தரலிங்கம் கேட்டார்.

"ஆகஸ்ட்ல சரசரன்னு மேல ஏறுதே, அது எதுப்பா?"

விஜய்ராஜ் பார்த்தான். எந்த நிறம் எது என்று ஓரத்தில் இருந்த குறிப்பைப் பார்த்தான். குறிப்பிலும் அதே இரண்டு நிறங்கள்தான்.

"பச்சை சார்."

அது சிவப்பு. மழைக்குக் காய் சரியாகக் காயாமல் பழுத்துப்போன மாதம்.

பாண்டீஸ்வரன் பின்னாலிருந்து சொன்னான்:

"ஏலக்கா கடைக்காரன் மகன்ல சார். பழுத்ததையும் பச்சைன்னு சொல்லித்தான விப்பான்."

வகுப்பே சிரித்தது. சுந்தரலிங்கமும் சிரித்துவிட்டார். "யாவாரத்தக் கடையோட வச்சுக்கப்பா. இங்கன வேணாம்." விஜய்ராஜும் சிரித்தான், மற்றவர்களைவிடச் சத்தமாக.

(பாண்டீஸ்வரனை முதல் வரைவில் கெட்டவனாக எழுதியிருந்தேன். இப்போது மாற்றிவிட்டேன். அந்தக் கேலிதான் அன்றைக்கு விஜய்ராஜைக் காப்பாற்றியது. கேலி செய்தவனுக்கு அது தெரியாது. உதவி என்பது செய்கிறவனுக்கே தெரியாமலும் நடக்கும் என்று நான் நம்புகிறேன். அதற்காகப் பாண்டீஸ்வரன் நல்லவன் என்றும் சொல்ல வரவில்லை.)

முத்துலட்சுமி சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்து அவன் கண் போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

இந்தப் பகுதியை வைப்பதா நீக்குவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மறுநாள் அவள் அவனைச் சோதித்தாள். மேசையில் சிவப்பு மூடிப் பேனா ஒன்று, பச்சை மூடிப் பேனா ஒன்று. திரையைவிட்டுக் கண் எடுக்காமல் சொன்னாள்:

"ஏய், அந்தச் செவப்புப் பேனாவ எடு."

அவன் இரண்டையும் எடுத்தான்.

"எதுக்கு?"

"எழுதத்தான். பல்லு குத்தவா?"

"ரெண்டையும் வச்சுக்க." இரண்டையும் அவள் பக்கம் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

இதை அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, "இத எழுதாதீகண்ணே, என்னயக் கெட்டவளா நெனச்சுக்கிருவாக" என்றாள். எழுதாமல் விட்டால் அவள் கதையில் தேவதையாகிவிடுவாள். தேவதை உதவி செய்வதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பேனாவை வைத்து ஒருவனைச் சோதித்துப் பார்க்கிற பெண், அதற்குப் பிறகு என்ன செய்தாள் என்பதுதான் எனக்கு வேண்டியிருக்கிறது. அதனால் அவள் அனுமதி கேட்டு எழுதுகிறேன். "சரி, ஆனா பேர மாத்திருங்க" என்றாள்.

6

அவன் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அவள் படம் வரைய அவன் எழுதியிருந்த நிரலைத் திறந்தாள். புள்ளி எந்த வடிவத்தில் வர வேண்டும் என்று சொல்ல அந்த மொழியில் ஒரு வழி உண்டு. ஒன்று என்று கொடுத்தால் வட்டம், இரண்டு என்று கொடுத்தால் முக்கோணம், மூன்று என்றால் கூட்டல் குறி. பழுத்த காய்க்கு வட்டம் வைத்தாள். பச்சைக்கு முக்கோணம். வெடித்ததற்குக் கூட்டல். நிறங்களில் கை வைக்கவில்லை. அவை அப்படியே இருந்தன.

சுந்தரலிங்கம் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா இது, கோலமா போடுற? கலர்தான் இருக்கே."

"கலர் பிரிண்டர்ல மை தீந்துபோச்சு சார். கறுப்புல எடுத்தா மூணு கோடும் ஒண்ணுபோலத் தெரியும்."

"அப்படியா?" கொஞ்சம் யோசித்தார். "அப்ப எல்லாரும் அதப் பண்ணிருங்க."

மை தீர்ந்ததா என்று நான் கேட்டேன். "பாதி இருந்துச்சுண்ணே" என்றாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

இங்கே நான் சில நாட்கள் நின்றுவிட்டேன். ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு வேதப் பாடம் நடத்துகிறவன் நான். பொய் சொல்லக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்கிறேன். அவள் பேச்சை மாற்றி எழுதிப் பார்த்தேன்: "கறுப்பில் எடுத்தாலும் தெரியட்டும் என்று செய்தேன் சார்." பொய் இல்லை, காரணமும் சரி. ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவள் வாயில் வந்தது மை தீர்ந்த கதைதான். அந்தப் பொய்யை நான் நியாயப்படுத்தவும் இல்லை, திருத்தவும் இல்லை. அவளுக்காக ஜெபித்தேன். பிறகு மேலே எழுதினேன்.

விஜய்ராஜ் திரும்பி வந்தான். திரையைப் பார்த்தான். நிரலைக் கீழே உருட்டி, தான் எழுதாத வரிகளைப் படித்தான்.

"முக்கோணம் நல்லாருக்கு."

"தலைப்புல எழுத்துப் பிழை இருக்கு. அதப் பாரு மொதல்ல."

அவர்கள் இதைப் பற்றிப் பேசியது இவ்வளவுதான்.

வெளித்தேர்வாளர் ஆகஸ்டைக் கேட்டார். விஜய்ராஜ் கம்பால் வட்டங்களைத் தொட்டு, "பழுத்த காய் சார், மழை" என்றான். தேர்வாளர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

7

கதை இங்கே முடிந்திருக்கலாம். என் மனைவி இங்கேயே முடிக்கச் சொன்னாள்.

ஆனால் கல்லூரியின் கடைசி நாளில், தான் கடையில் உட்காரப்போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு விஜய்ராஜ் வகுப்பு முழுவதையும் அழைத்தான். அறைக்கு நடுவில் நின்று, தாம்பாளம், போதகர், அண்ணன் பேசிக்கொண்டே பிரித்தது எல்லாவற்றையும் தமாஷாகச் சொன்னான். "எல்லாரும் வந்துருங்கப்பா. பிரியாணி உண்டு." பாண்டீஸ்வரன், "பழுத்ததெல்லாம் எனக்குப் பொட்டலம் கட்டிரு" என்றான். மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அந்தத் தாம்பாளம் என்ன என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

தாம்பாளத்தில் காய்க்கு முக்கோணம் வைக்க முடியாது.

முத்துலட்சுமி போகவில்லை.

"ஏம்மா போகல?"

"போனா நான் தட்டத்தானண்ணே பாப்பேன். நான் பாக்குறத அவன் பாப்பான்."

"பின்னால கேட்டிருக்கலாமே?"

"கேட்டா அன்னைக்குக் கேக்காம இருந்ததுக்கு என்ன அர்த்தம்?"

8

எனக்குத் தெரியாத அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் போதகர் நீண்ட ஜெபம் செய்கிறார், மின்சாரம் போகிறது, எல்லோரும் சாப்பிடப் போய்விடுகிறார்கள். கிழித்துவிட்டேன். மின்வாரியத்தை நம்பிக் கதை எழுதக் கூடாது.

இன்னொன்றில் விரலால் அழுத்திப் பார்த்தும் மோந்து பார்த்தும் அவன் சரியாகவே பிரித்துவிடுகிறான். அது நடந்திருக்கலாம். ஆனால் நடந்தால், மறுநாள் காலையில் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து அவன் முன்னால் கொட்டுவார்கள். அதற்கு மறுநாள் இன்னொன்று.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. சனிக்கிழமை சாயங்காலம், கடையில் விளக்கு வைத்த பிறகு:

"அப்பா, பச்சை எதுன்னு எனக்குத் தெரியாதுப்பா."

"வெளையாடாதலே. நாளைக்கு ஜெபம் பண்ண அய்யரு வாராக."

"வெளையாடல. சின்னதுலருந்தே தெரியாது."

பலவேசம் கையிலிருந்த காயைக் கீழே வைத்தார். பிறகு அவர்

இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. அவர் வாயில் ஒரு நல்ல வார்த்தையை வைக்க எனக்கு ஆசை. நான் வைத்தால் அது என் வார்த்தை. அவருடையது ஆகாது.

போடிக்கு ஒரு வேலையாகப் போனபோது அந்தத் தெரு முனை வரைக்கும் நடந்தேன். பலகையில் 'பலவேசம் அன் சன்ஸ்' என்று இருந்தது. பெயர்ப் பலகை எப்போது எழுதியது என்று பார்க்கவில்லை. கடைக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எட்டிப் பார்க்கவும் இல்லை. திரும்பி வந்து பஸ் ஏறினேன். முத்துலட்சுமி கேட்காததை நான் கேட்பது சரியாகப் படவில்லை.

9

ஆகவே ஞாயிற்றுக்கிழமையை உங்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் முடிவை எழுதித் தரச் சொல்லவில்லை.

அழைப்பு வகுப்பு முழுவதற்கும் இருந்தது. நீங்களும் அங்கே வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆராதனை முடிந்துவிட்டது. வெள்ளைத் துணி விரித்திருக்கிறார்கள். காயைக் கொட்டிவிட்டார்கள். பிரியாணி வாசம் உள்ளேயிருந்து வருகிறது. விஜய்ராஜ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்கிறான். பலவேசம் உங்களுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். மகனின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பையனைப் பற்றித் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் நீங்கள் ஒருவர்தான்.

பலவேசத்திடம் பேச்சுக் கொடுக்கலாம். இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்கலாம். இல்லை, ஒன்றும் கேட்காமல் நீங்களும் தாம்பாளத்தைப் பார்க்கலாம். இல்லை, முத்துலட்சுமியைப் போல வராமலே இருந்திருக்கலாம், ஆனால் அதற்கு இப்போது நேரம் கடந்துவிட்டது.

அவன் முதல் காயை எடுத்துவிட்டான்.