ஜன்னல் அடித்த விசில்

முன்பல் இல்லாத வாய் ஒன்று பிளாஸ்டர் வார்ப்பாக என் மேஜைக்கு வந்திருக்கிறது. கீழ்த்தளத்து கிளினிக்கிலிருந்து வரும் வாய்களுக்கு முகம் வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. பார்த்தால் வேலை ஓடாது. மேல் வரிசையா, கீழ் வரிசையா, எத்தனை பல், என்ன நிறம், அவ்வளவுதான் எனக்கு வேண்டும். ஆனால் இந்த வாயை எனக்குத் தெரியும். என் சிறுவயதுத் தோழியின் வாய். ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம் இருக்கையில், தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட வராந்தாவில் மழைத்தண்ணீரில் வழுக்கி, முகம் குப்புற விழுந்து, மேலே முன்பற்கள் நான்கையும் இழந்துவிட்டு வந்திருக்கிறாள். கூடவே டாக்டர் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். நான்கு பல், இடைவெளி இல்லாமல் வரிசையாக வைக்கவும் என்று.

இடைவெளி இல்லாமலாம். சின்ன வயசு டாக்டர், பாவம், அவருக்கு என்ன தெரியும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஜன்னல் என்று பெயர். மேல் வரிசைக்கு நட்டநடுவில் இரண்டு பற்களுக்கு இடையே தீக்குச்சி தாராளமாகப் போய்வரும் அளவுக்கு ஒரு சந்து. யாரோ கேலிக்கு வைத்த பெயரை அவள் அழாமல், முறைக்காமல் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டாள். "ஜன்னல் இருந்தாத்தான்டி காத்து வரும், உங்களுக்கெல்லாம் வெறும் சுவரு" என்பாள். அந்தச் சந்து வழியாக அவள் அடிக்கும் விசில் தெருக்கோடி வரை கேட்கும். காலையில் என் வீட்டுக்குக் கீழே நின்று இரண்டு முறை அடிப்பாள். அதுதான் எனக்கு அழைப்பு. வம்பு என்னவென்றால், கண்டக்டர் இரண்டு விசில் அடித்தால் பஸ் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். நிறுத்தத்தில் நின்றுகொண்டு இவள் என்னைக் கூப்பிட்டாள் என்றால், நிற்கிற பஸ் கிளம்பிப் போய்விடும். ஒற்றைக் காலைப் படியில் வைத்தவர்கள் தொங்கிக்கொண்டே திட்டுவார்கள். எங்கள் தடத்துக் கண்டக்டர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். எங்களைப் பார்த்ததுமே, "அம்மா தாயே, இறங்குற வரைக்கும் வாயத் தொறக்காத" என்று கும்பிடுவார் ஒருவர்.

எனக்கு டீச்சர் என்று பெயர். கேட்காத கேள்விக்கும் விளக்கம் சொல்லுகிற வாய் எனக்கு. அதோடு, டீச்சர் ஆக வேண்டும் என்பதைத் தவிர வேறொரு யோசனை எனக்கு ஒருநாளும் வந்தது கிடையாது. பழைய கதவைக் கரும்பலகையாக்கி, தலையணைகளை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் நடத்திய குழந்தை நான். அந்தத் தலையணைகளில் ஒன்று மக்கு என்று அதை மூலையில் நிறுத்தியதாக அம்மா இப்போதும் சொல்லிச் சிரிப்பாள்.

பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த வாரம், வீட்டுக்கு வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் என்னை எங்கேயாவது சேர்த்துவிட்டுத்தான் டீயைக் குடித்தார்கள். மாடி வீட்டு அக்கா நர்சிங்கில் சேர்த்தாள். அப்பாவின் நண்பர் கணக்குப் பதிவில் சேர்த்தார். சித்தப்பா கம்ப்யூட்டரைத் தவிர வேறு எதிலும் சேர்க்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவர் மூன்று படிப்பில் சேர்ந்து மூன்றையும் பாதியில் விட்டவர். அதனால் எல்லாப் படிப்பைப் பற்றியும் பாதி தெரியும்.

அதே வாரத்தில் பள்ளிக்கூட மண்டபத்தில் மேஜைகள் போட்டு, மேற்கொண்டு என்னென்ன படிக்கலாம் என்று சொல்ல ஆட்களை வரவழைத்திருந்தார்கள். இன்ஜினியரிங் மேஜையில் பிள்ளைகளைவிட அப்பாக்கள்தான் அதிகம். சமையல் கல்லூரிக்காரர் உயரமான வெள்ளைத் தொப்பியோடு வேர்த்துக்கொண்டிருந்தார். பாலிடெக்னிக், சுருக்கெழுத்து, தையல், மருந்தாளுநர் என்று வரிசையாகப் போய், மாடிப்படிக்கு அடியில் யாருமே இல்லாத ஒரு மேஜை. அதன்மேல் ஒரு தட்டு. தட்டில் ஒரு பல் செட். பின்னால் ஒரு மனிதர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

ஜன்னல் அந்தப் பல் செட்டை எடுத்து, மேலும் கீழுமாகத் தட்டி, "வணக்கம் டீச்சர், சாப்பிட்டீங்களா?" என்று எங்கள் தலைமையாசிரியையின் குரலில் பேச வைத்தாள். கொட்டாவி விட்டவர் சிரித்துவிட்டார். பிறகு அவள் அதைக் கீழே வைக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஈறின் சிவப்பு எப்படி வந்தது, இந்தப் பல் ஏன் அந்தப் பல்லைவிடக் கொஞ்சம் மஞ்சள், கடித்தால் உடையாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வகுப்பில் ஒரு கேள்வி கேட்டு அவளை நான் பார்த்ததில்லை. பல் செட் செய்யக் கற்றுத்தரும் அந்தப் படிப்புக்கு டென்டல் மெக்கானிக் என்று பெயர். விஷயம் காதுக்கு எட்டியதும் சித்தப்பா, "மெக்கானிக்கா? யார் வாய்க்கு அடியில படுத்து வேலை பாக்கப் போறா?" என்று கேட்டார்.

இதில் எங்களுக்குக் கவலையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். என்ன படிப்பது என்பதல்ல. முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், இனிமேலும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். அவ்வளவுதான். ஆகவே இரண்டு பேரும் ஆசிரியர் பயிற்சிக்கும் விண்ணப்பித்தோம், பல் படிப்புக்கும் விண்ணப்பித்தோம். எது கிடைத்தாலும் சேர்ந்தே போவது என்று முடிவு. இரண்டுக்கும் நேர்முகத் தேர்வு ஒரே நாள், ஒரே காலை என்று தபால் வந்தபோதுதான் முடிவு ஆட்டம் கண்டது. ஊரின் ஒரு கோடியில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. மறு கோடியில் பல் ஆஸ்பத்திரி.

முதல்நாள் சாயங்காலம் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். நான் வழக்கம்போல் விளக்கம் கொடுத்தேன். டீச்சர் வேலை என்றால் லீவு, மரியாதை, சீக்கிரம் வீடு.

"எனக்குப் பிள்ளைங்க மூக்கைத் துடைக்க முடியாதுடி" என்றாள்.

"எனக்கு மட்டும் அடுத்தவன் எச்சில்ல கை வைக்க முடியுமா?"

"எச்சில் இல்லடி, பிளாஸ்டர். அன்னைக்கு அந்த ஆளு அவ்வளவு சொன்னாரே, நீ ஒண்ணையாவது காதுல வாங்குனியா? உனக்கு நீ பேசுறது மட்டும்தான் கேக்கும்."

"அப்ப போ. போய் உன் பல்லைக் கட்டிட்டு அழு."

அவள் எழுந்து போனாள். கீழே இறங்கி, திரும்பிப் பார்க்காமல், விசில் அடிக்காமல் போனாள். அதற்கு முன்னால் அவள் விசில் அடிக்காமல் எங்கள் தெருவைத் தாண்டியதே இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எந்தப் படிப்பாக இருந்தால் என்ன, அவள் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன் என்று தோன்றியது. அவள் அந்தப் பல் செட்டைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றது கண்ணுக்குள்ளேயே இருந்தது. விடிவதற்குள் முடிவு செய்துவிட்டேன். பல் ஆஸ்பத்திரிக்கே போவது. அங்கே வரிசையில் அவளுக்குப் பின்னால் போய் நின்று முதுகில் கிள்ளுவது.

எங்கள் தெருமுனையில் சாலைக்கு இரண்டு பக்கமும் நிறுத்தம். அவளை எங்கும் காணோம். முந்தின பஸ்ஸில் போயிருப்பாள் என்று நினைத்து, வந்த பஸ்ஸில் முண்டியடித்து ஏறினேன். உள்ளே மூச்சு விட இடமில்லை. எதிர்ப்பக்கம் இன்னொரு பஸ் வந்து நின்றதாக ஞாபகம். அப்போதுதான் அது கேட்டது. இரண்டு விசில். பஸ் குலுங்கிக் கிளம்பியது. பின்வாசலில் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டர், "யாருய்யா அது? நான் அடிக்கவே இல்லையே!" என்று கத்தினார்.

எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அவள் இந்த பஸ்ஸில்தான் இருக்கிறாள். என்னைப் பார்த்துவிட்டாள், கோபம் போய்விட்டது, அதுதான் கூப்பிடுகிறாள். இத்தனை தலைகளுக்கு நடுவில் எங்கேயோ அந்த ஜன்னல் சிரித்துக்கொண்டிருக்கிறது. எட்டி எட்டிப் பார்த்தேன். இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லை இளித்தபடியே போனேன்.

இறங்கிய கூட்டத்தில் அவள் இல்லை. முன்வாசல் வழியாக இறங்கி உள்ளே ஓடியிருப்பாள் என்று நானும் ஓடினேன். பெயரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஆளுக்கு ஒரு சாக்பீஸையும் ஒரு சின்னக் கத்தியையும் கொடுத்து, எதிரே வைத்திருந்த பெரிய மாதிரியைப் பார்த்து ஒரு பல் செதுக்கச் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்க நான் ஆசைப்பட்ட சாக்பீஸ், கடைசியில் இப்படியா கைக்கு வர வேண்டும்! வாசலைப் பார்த்துக்கொண்டே செதுக்கினேன். அவள் இப்போது வருவாள், இதோ வருவாள் என்று பார்த்துப் பார்த்து நேரம் போனதில், அவசரமில்லாமல் செதுக்கியது நான் ஒருத்திதான் போலிருக்கிறது. அந்தக் கொட்டாவி மனிதர் என் பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உன் கூட ஒரு பொண்ணு இருந்துச்சே, அது வரலையா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் என் வீட்டுக்குக் கீழே விசில் கேட்கவில்லை. நானே இறங்கிப் போனேன். அவள் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எதிர் பஸ்ல நான்டி இருந்தேன்" என்றாள். "உனக்காகத்தான் டீச்சர் வேலைக்குப் போவோம்னு கிளம்பினேன். ஜன்னல் வழியா பாத்தா நீ அந்தப் பக்க பஸ்ல நிக்கிற. இறங்க முடியல, அவ்வளவு கூட்டம். உன்னை இறங்கச் சொல்லித்தான் அடிச்சேன்."

"கேட்டுச்சு."

"உன் பஸ்ஸும் கிளம்பிருச்சு, என் பஸ்ஸும் கிளம்பிருச்சு."

இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எந்த இடத்தில் அது அழுகையானது என்று தெரியவில்லை. பயிற்சிப் பள்ளியில் அவளை முப்பது வாண்டுகள் கத்திக்கொண்டிருந்த ஒரு வகுப்புக்குள் அனுப்பி, சமாளி பார்க்கலாம் என்றார்களாம். அவள் சமாளிக்கவெல்லாம் இல்லை. ஒரு விசில் அடித்தாள். வகுப்பு கப்சிப். இடம் கொடுத்துவிட்டார்கள். நான் செதுக்கிய பல்லைப் பார்த்து எனக்கும் இடம் கொடுத்திருந்தார்கள்.

மாற்றிக்கொள்ள முடியாதா என்று இரண்டு இடத்திலும் கேட்டுப் பார்த்தோம். பல் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் ஒருவர் கண்ணாடிக்கு மேல் பார்த்து, "இது என்ன சினிமா டிக்கெட்டா?" என்றார். வீட்டில் அதற்கும் மேல். கிடைத்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு விடுகிறேன் என்கிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் அப்பா. அடுத்த வருஷம் நான் மெழுகில் கடைவாய்ப் பல் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் காகிதத்தில் படகு செய்யக் கற்றுக்கொண்டிருந்தாள். அதன்பிறகு வேலை, கல்யாணம், வேறு வேறு பேட்டை, வேறு வேறு பஸ். வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை பார்த்தால் அதிகம். போனில் இன்றைக்கும் "சொல்லுங்க டீச்சர்" என்று அவள்தான் என்னைக் கூப்பிடுவாள். டீச்சர் அவள். நான் மெக்கானிக்.

நல்ல வேலைதான் எனக்குக் கிடைத்தது. பொய் சொல்லக் கூடாது. ஆனால் பள்ளிக்கூட மணி எங்கே அடித்தாலும் ஒரு நிமிஷம் என் கை நின்றுவிடும். அவளுக்கும் அப்படி ஏதாவது இருந்ததா என்று நான் கேட்டதில்லை. ஒன்று மட்டும் தெரியும். அந்தச் சந்தை அடைத்துக் கொடுக்கிறேன், ஒரு வாரத்து வேலை என்று நான் எத்தனையோ முறை சொல்லியும் அவள் விடவில்லை. "பிள்ளைங்க வேற எதுக்கும் அடங்க மாட்டாங்கடி" என்று சொல்லிவிடுவாள்.

நான் டாக்டரின் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். அகலம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் மூன்று முறை கலைத்து வைத்தேன். ஒரு நூல் அதிகமானால் வெறும் காற்றுதான் வரும். ஒரு நூல் குறைந்தால் அதுவும் வராது.

இன்று மத்தியானம் வந்தாள். கீழே டாக்டர் பல்லை மாட்டிவிட்டு, நடுவில் இருக்கும் சந்தைப் பார்த்து முகம் சுருக்கினாராம். சரி செய்யச் சொல்லி மேலே அனுப்பியிருந்தார். கைப்பிடியைப் பிடித்து மெதுவாகப் படியேறி வந்தவள், என் மேஜைக் கண்ணாடியைக் கையில் எடுத்தாள். நாக்கால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். விழுந்ததிலிருந்து வாயைக் கையால் மூடியே பேசிப் பழகியிருந்தவள், மறந்து மறந்து வாய்க்குக் கையைக் கொண்டுபோய், பிறகு எடுத்தாள்.

"பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க எங்கிட்ட வந்து, எப்ப மிஸ் விசில் அடிப்பீங்கன்னு தினம் கேக்குதுங்க" என்றாள். "இனிமே வராதுன்னு சொல்லிட்டேன்."

"அடிச்சுப் பாரு."

"பயமா இருக்குடி."

எனக்கும்தான் பயமாக இருந்தது. அதை அவளிடம் சொன்னேன். உதட்டைக் குவித்து ஊதினாள். காற்றுதான் வந்தது. பல்லைக் கொஞ்சம் மேலே அழுத்திக்கொண்டு திரும்ப ஊதினாள். காற்றுக்குள் மெல்லிதாக ஏதோ ஒன்று கீறியது, நின்றுவிட்டது.

அவள் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்று கதவைத் திறந்துவிட்டேன். கீழே நிறுத்தத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கண்டக்டர் நடைபாதையில் நின்று யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மூச்சை உள்ளே இழுத்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் டிரைவர் பின்னால் பார்த்தபடி, கியரில் கையை வைத்துக் காத்திருந்தார்.