மூணாம் ரக மான்

பெண் பார்க்க அமிர்திக் காட்டைத் தேர்ந்தெடுத்தது ஞானசீலன் வாத்தியார்தான். சர்ச்சில் வைத்துப் பார்த்தால் சபையே பார்க்கும். வீட்டில் வைத்தால் தெருவே பார்க்கும். ஜவ்வாது மலையடிவாரத்தில் மான்கள் மட்டும்தான் பார்க்கும்; அவை வேலூருக்கு வந்து எதையும் சொல்லப்போவதில்லை.

மாப்பிள்ளை ஜோவின், ஆம்பூரில் ஒரு டேனரியில் செலக்டர். கிரிக்கெட் செலக்டர் மாதிரிதான்; ஆளுக்குப் பதில் ஆட்டுத்தோல். நாள் முழுக்கத் தோலைப் புரட்டி, தடவி, மோந்து, முதல் ரகம், இரண்டாம் ரகம், மூன்றாம் ரகம் என்று பிரித்துப் போட வேண்டும். வாத்தியார் மகள் நர்ஸ் எப்சியை அவனுக்கு போட்டோவிலேயே பிடித்துப்போயிருந்தது. பஸ் ஏற்றிவிட்ட தோஸ்த் ஜான் பாஷா சத்தியமே வாங்கியிருந்தான்: "டேய், அங்க போய் வாயத் தொறந்தா தோல் மட்டும் வரக்கூடாது."

சத்தியம் முக்கால் மணி நேரம் நின்றது. வாத்தியாரும் அவர் மனைவி ஞானசுந்தரியும் நாகரிகமாகப் பத்தடி பின்தங்க, எப்சியும் ஜோவினும் மான் வேலியோரம் தனியாக நின்றார்கள்.

"மான் அழகா இருக்கில்ல?" என்றாள் எப்சி.

"அழகுதான். ஆனா இது தேர்டு. தொடையில முள்ளுக் கீறல், வயித்துல உண்ணிக் கடி. அதோ நிக்குதே பெருசு, அது ஃபர்ஸ்ட். கழுத்துல சுருக்கம் ஜாஸ்தி, முதுகுல நல்லா தேறும்."

எப்சிக்குச் சிரிப்பு வந்தது. வேப்பமரத்துக்குப் பின்னால் நின்ற வனக்காவலர் சுந்தரமூர்த்திக்கு வரவில்லை. பாய்ந்து வந்து ஜோவின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"இன்னாய்யா, உயிரோட நிக்கிற மானுக்கே தோல் கணக்குப் போடுற? எந்த வேட்டைக் கும்பல்? ஆபீசுக்கு நட!"

"சார், நான் டேனரியில செலக்டர் சார்!"

"கார்டு எங்க?"

"வேலைக்குப் போற சட்டையில இருக்கு. நாத்தமடிக்கும்னு அத மாத்திட்டு வந்தேன்."

வாத்தியார் மூச்சிரைக்க ஓடிவந்து, பையன் நல்ல பையன் என்றார். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று காவலர் கேட்டார். "காலையில ஒம்பதரையிலேருந்து" என்றார் வாத்தியார். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

காவலர் யோசித்தார். "சரி, செலக்டர்னா தொட்டுப் பார்த்தே சொல்லிடுவ இல்ல? சார், உங்க பெல்ட்டக் கழட்டுங்க."

வாத்தியார் ஒரு கையால் பேன்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பெல்ட்டை நீட்டினார். ஞானசுந்தரியின் முகம் மலர்ந்தது. "பார்த்துச் சொல்லுப்பா. ஒரிஜினல் தோலு. என் தம்பி கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் குடுத்தது."

மோந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. தொட்டதுமே ஜோவினுக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் மாமியார் போச்சு, பெண்ணும் போச்சு. பொய் சொன்னால் மான் கேஸ். சும்மாவாவது மடித்தான், விரித்தான், வெயிலில் பிடித்தான். எப்சியைப் பார்த்தான். அவள் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெக்சின் சார்," என்றான், பிரசவ வார்டில் கெட்ட செய்தி சொல்கிற டாக்டர் குரலில். "ஓரத்துல பிரியுது பாருங்க. உள்ள துணி."

காவலர் நகத்தால் சுரண்டினார். துணி எட்டிப் பார்த்தது. காலரை விட்டார்.

அப்போதுதான் வாத்தியார் கத்தினார். "சுந்தரி! மூணு வருஷமா நான் இன்னா சொன்னேன்? 'தோலுன்னா அப்படித்தாங்க வெடிக்கும்'னு எனக்கே பாடம் எடுத்தியே!" பேன்டைப் பிடித்திருந்த கையையும் எடுத்து ஜோவினைக் கட்டிக்கொள்ளப் போனார். எப்சி "அப்பா, பேன்ட்டு!" என்று அலறியதால் கையை மட்டும் குலுக்கினார். "பையன் எனக்கு ஓகே."

ஓடைக்கரையில் இலை போட்டு ஞானசுந்தரி பிரியாணி பரிமாறினாள். ஜோவின் இலையில் வெறும் சோறு விழுந்தது. "கறி தீந்துபோச்சு" என்றாள். குண்டானில் நாலு துண்டு பளிச்சென்று தெரிந்தது.

எப்சி தன் இலையிலிருந்த பெரிய துண்டை எடுத்து, அம்மா பார்க்கப் பார்க்க, ஜோவின் இலையில் வைத்தாள். "சாப்பிடுங்க."

வாத்தியார் கத்திரிக்காயை ஆராய்ந்தார்.

"இதோ பாருங்க," என்று ஞானசுந்தரி கரண்டியைக் குண்டானில் அடித்தாள். "ரெக்சினோ கிக்சினோ, கல்யாணத்துல என் தம்பிதான் முன்வரிசையில உக்காருவான். இப்பவே சொல்லிட்டேன்."

கல்யாணம் என்ற சொல்லை அன்றைக்கு முதலில் சொன்னது அவள்தான். ஜோவின் மென்றுகொண்டிருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, "முன்வரிசையே முழுசா குடுத்துடலாம் அத்தை" என்றான்.