பின்வளவில் இரும்புச் சத்தம்

சண்முகராசாவுக்கு ஐம்பத்துமூன்று வயதில் இப்படியொரு கிறுக்குப் பிடிக்கும் என்று லண்டன் ஹவுன்ஸ்லோவில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் கிழமைக்கு ஐந்து நாள் பெட்டி ஏற்றி இறக்குகிறவர், ஆறாம் நாள் முதுகை நிமிர்த்திப் படுக்க வேண்டியவர், மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைச் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கிற மெஷின் ஒன்றைத் தோளில் கொழுவிக்கொண்டு வந்து நின்றார். அந்த 2009 செப்டெம்பரில், எங்கேயோ ஒரு வயலில் இதே மாதிரி மெஷினோடு போன ஒருவருக்குப் பழங்காலத்துத் தங்கம் குவியலாகக் கிடைத்ததை டிவியில் காட்டினார்கள். அதோடு மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மெஷின் அவருடையதில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கும் கோபாலன் கொடுத்தது. கோபாலன் மலேசியாவிலிருந்து படிக்க வந்து, எஞ்சினியராகி, இங்கேயே தங்கிவிட்டவர். பத்து வருடமாகச் சனி ஞாயிறுகளில் வயல் வயலாகத் திரிகிறவர். தனக்குப் புது மெஷின் வாங்கியதும் பழையதை இவருடைய கையில் கொடுத்து, கூடவே புத்தியும் சொன்னார்.

"நினைச்ச இடத்துல எல்லாம் தோண்ட முடியாதுண்ணே. வயல்னா சொந்தக்காரர்கிட்ட கேக்கணும். பார்க்குல கவுன்சில் விடாது. தேம்ஸ் கரைக்கு பெர்மிட் வேணும். முதல்ல உங்க வீட்டுத் தோட்டத்துல பழகுங்க. இரும்புன்னா கர்ருனு கத்தும், அதை விட்டுடுங்க. நல்லா மணி மாதிரி கேட்டா மட்டும் தோண்டுங்க லா."

தோட்டம் என்றதும் சண்முகராசாவின் முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பின்வளவுப் புல்லை அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அது அவருடைய தம்பி கணேஸ்வரன் விரித்த புல்.

ஏழு வருடத்துக்கு முன்பு மனைவி தயாளினியின் சித்தி பாரிசில் செத்துப்போனார். புருஷனும் பெண்சாதியுமாகப் போய்ப் பத்து நாள் நின்றார்கள். செத்தவீட்டுக்கு யாரும் அட்டியல் போட்டுக்கொண்டு போவதில்லை. ஆகவே தயாளினியின் நகை முழுவதும் வீட்டில்தான் இருந்தது. தமிழாட்களின் வீடாகப் பார்த்துக் கள்ளர் புகுந்துகொண்டிருந்த காலம் அது. சுவிசில் தனியாகக் கிடந்தவனை வா என்று கூப்பிட்டுத் தன்னோடு வைத்திருந்த தம்பியைக் காவலுக்கு விட்டுவிட்டுத்தான் சண்முகராசா போனார். அவர்கள் திரும்பி வந்தபோது கணேஸ்வரன் பின்வளவில் பற்றைகளை வெட்டி, பட்டுப்போன ரோசாவைப் பிடுங்கி எறிந்து, கடையில் பாய் மாதிரிச் சுருட்டி விற்கிற புல்லை வாங்கி விரித்துவிட்டு, "எப்பிடி அண்ணை?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். மறுநாள் காலை தயாளினி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அலுமாரிக்குள் வைத்த அட்டியல், காப்புகள், பதக்கச் சங்கிலி ஒன்றும் இல்லை.

கதவு உடைபடவில்லை. யன்னல் உடைபடவில்லை. "வீட்டில நீ மட்டும்தானே நிண்டனி?" என்று சண்முகராசா கேட்டார். கணேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றானே தவிர, ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. குற்றமில்லாதவன் என்றால் சீறிக்கொண்டு வரமாட்டானா? அந்த மௌனமே அண்ணனுக்குப் போதுமாக இருந்தது. கள்ளனுக்கு என் வீட்டில் இடமில்லை என்று அன்றைக்கே படலை தாண்டவைத்தார்.

கூடப்பிறந்தது ஒன்றே ஒன்று. அதுவும் கள்ளனாகப் போய்விட்டதே என்ற எரிச்சல் ஏழு வருடமாகியும் அவருக்கு ஆறவில்லை. மகள் கோசிகா பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்தியவீட்டுக்குச் சித்தப்பனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. தாய் செத்தபோது அண்ணனும் தம்பியும் வெவ்வேறு கோயிலில் மோட்ச அர்ச்சனை செய்தார்கள். தம்பி தென்லண்டன் ஸ்ட்ரெதத்தில் யேசுரட்ணம் என்பவருடைய பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறையில் இருக்கிறான் என்பதுகூட மற்றவர்கள் வாயால் கேட்டதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சண்முகராசா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்வளவில் இறங்கினார். கோபாலன் சொன்னபடி ஒரு பவுண் காசையும் ஒரு பென்ஸ் காசையும் தானே புதைத்து, அவை எப்படிக் கத்துகின்றன என்று கேட்டுப் பார்த்தார். பிறகு மதிலோரமாக ஆட்டிக்கொண்டு நடந்தார். ஒரு மணித்தியாலத்தில் நாலு ஆணி, பியர் டின் வளையங்கள், சாப்பாடு சுற்றிய அலுமினியத் தாள் என்று குப்பை வண்டிக்காரன் பொறாமைப்படும் அளவுக்குச் சேர்த்துவிட்டார்.

"புல்லைக் கெடுக்காதேங்கோ!" என்று குசினி வாசலில் நின்று தயாளினி கத்தினாள்.

மூலைக்குப் போனபோது மெஷின் கர்ரென்று காது கிழியக் கத்தியது. பெரிய இரும்பு. பழகியவன் என்றால் அதை விட்டுவிட்டு அடுத்த அடி வைத்திருப்பான். இவர் புதுசு; எந்தச் சத்தத்தை விடுவது, எதைப் பிடிப்பது என்று இன்னும் தெளியவில்லை. கர்ரென்றாலும் கிண்டினார், கிணுங்கென்றாலும் கிண்டினார். முழங்கை ஆழத்தில் மண்வெட்டி எதிலோ டங்கென்று முட்டியது.

இரண்டு ஷொப்பிங் பைகளுக்குள் சுற்றிய பால்மா டின். பக்கமெல்லாம் துரு. மூடியை மண்வெட்டி நுனியால் நெம்பினார். உள்ளே ஒரு பழைய துவாய். துவாய்க்குள் அட்டியல். வெயிலில் அது மினுங்கியது. சண்முகராசா புல்லிலேயே குந்திவிட்டார். காப்பு நாலும் இருந்தன. பதக்கச் சங்கிலியும் இருந்தது.

முதலில் அவருக்கு வந்தது சந்தோசமில்லை, கொதிப்பு. படுபாவி, எடுத்து இங்கேயே மண்ணுக்குள் தாட்டுவிட்டு, பிறகு வந்து கிண்டலாம் என்று மேலே புல்லையும் விரித்திருக்கிறான்! புல் விரித்த காரணமே இதுதான்! அவர் எழும்பி, டின்னைத் தூக்கிக் காட்டி, "இஞ்ச வா! வந்து பார் உன்ரை மைத்துனன்ரை வேலையை!" என்று கூப்பிட்டார்.

தயாளினி செருப்புப் போடாமல் ஓடி வந்தாள். டின்னைப் பார்த்தாள். அட்டியலைப் பார்த்தாள். பிறகு கிண்டிய குழியைப் பார்த்தாள்.

"ஐயோ," என்றாள். "அப்ப அவர் எடுக்கேல்லையோ?"

சண்முகராசாவுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. "எங்கையிருந்து எடுக்கேல்லை?" என்று கேட்டார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி என்ன, வந்த சொல் வந்துவிட்டது.

"தாட்டது நீயோ?"

"ஓம்."

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு ஓடியபோது தயாளினி வீட்டார் நகையை டின்னில் போட்டுக் கிணற்றடியில் தாட்டார்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போனபோது வீட்டில் கூரை இல்லை, கதவு இல்லை, டின் மட்டும் அப்படியே இருந்தது. பார்த்தவளுக்குப் பூட்டில் நம்பிக்கை வருமா? லண்டனில் கள்ளர் திரிகிறார்கள் என்றதும் அவளுடைய கை தானாகவே மண்ணைத் தேடிப் போயிருக்கிறது.

"பாரிசுக்கு வெளிக்கிட முதல், ரோசாவில இருந்து நாலடி தள்ளித் தாட்டனான்," என்று அவள் அழுதாள். "வந்து பார்த்தால் ரோசாவே இல்லை. எல்லாம் ஒரே புல்லு. நீங்கள் ஷிப்டுக்குப் போன நேரம் கம்பியால குத்திக் குத்திப் பார்த்தன். தட்டுப்படேல்லை. கிண்டேக்க அவர் கண்டு எடுத்திட்டார் எண்டுதான் நினைச்சன். சத்தியமா அப்பிடித்தான் நினைச்சன்."

"அப்ப ஏன் அலுமாரியில வைச்சனான் எண்டு சொன்னனி?"

"லண்டனில ஆராவது நகையைத் தாப்பினமோ எண்டு நீங்கள் பேசுவியள். சொல்லப் பயமாக் கிடந்தது."

பேச்சு வாங்கப் பயந்து ஒரு பொய். அந்தப் பொய்யின் மேல் ஏறி நின்று, படுக்கையறைக்குள் புகுந்து அலுமாரி திறந்த கள்ளன் என்று தம்பியின் முகத்துக்கு நேரே சொன்னது அவர். கத்த வேண்டும் போல இருந்தது. அவளைப் பார்த்துக் கத்துவதா, தன்னைப் பார்த்துக் கத்துவதா என்று தெரியவில்லை. அவர் மண்கையைக் கழுவவும் இல்லை. "வெளிக்கிடு. அவனிட்டை நீயே சொல்ல வேணும்," என்று கார்ச் சாவியை எடுத்தார்.

ஹவுன்ஸ்லோவிலிருந்து ஸ்ட்ரெதத்துக்கு ஒன்றேகால் மணித்தியாலம். டின்னைத் தயாளினி மடியில் வைத்திருந்தாள். தம்பி மூஞ்சைக்கு நேரே கதவை அறைந்து சாத்துவான் என்று சண்முகராசா எதிர்பார்த்தார். சாத்தினால் வாசலில் நிற்பது, தூசணத்தால் பேசினால் கேட்பது என்று மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டார்.

கடைக்குப் பக்கத்துக் கதவைத் தட்டியதும் மாடிப்படியால் யாரோ இறங்கி வரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தவனைப் பார்த்துச் சண்முகராசா திடுக்கிட்டார். நாற்பத்தைந்து வயதுதான் இருக்கும், தலை முழுக்க வெள்ளை. கணேஸ்வரன் அண்ணனைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். டின்னைப் பார்த்தான்.

"நான்தான் தம்பி," என்று தயாளினி தொடங்கினாள். "நான்தான் தாட்டனான். அலுமாரியில எண்டு சொன்னது பொய். எல்லாம் வளவுக்குள்ளதான் கிடந்தது. நீங்கள் விரிச்ச புல்லுக்குக் கீழ."

கணேஸ்வரனுக்குக் கோபம் வரவில்லை. சொன்னது காதில் ஏறாதவன் மாதிரி அவன் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வளவுக்குள்ளயோ?" என்றான். "புல்லு விரிச்ச அண்டைக்கு நாலு சுருள் குறைஞ்சு போட்டுது அண்ணை. வாங்க ஓடினனான். வரேக்க பின்கதவு ஆவெண்டு திறந்து கிடந்தது. நான்தான் பூட்டாமல் போனனான். நகை இல்லையெண்டு அண்ணி அழேக்க எனக்கு விளங்கீட்டுது, அந்த நேரம் பார்த்துக் கள்ளன் பூந்திட்டான் எண்டு. நம்பி விட்டிட்டுப் போன வீட்டைத் திறந்து போட்டிட்டு, நான் எடுக்கேல்லை எண்டு எந்த முகத்தோட சொல்லுறது? அதுதான் பேசாமல் நிண்டனான்."

கள்ளனின் மௌனம் என்று ஏழு வருடமாகச் சண்முகராசா அடித்துப் பேசியது இதைத்தான்.

"ஒவ்வொரு நாளும் அந்தக் கள்ளனை நினைப்பன்," என்றான் கணேஸ்வரன். "எப்பிடி வந்திருப்பான், எதால ஏறியிருப்பான் எண்டு. ஏழு வருசம்." அவன் நிறுத்தி, சின்னப் பிள்ளை கேட்பது போல அண்ணனின் முகத்தைப் பார்த்துக் கேட்டான். "அப்ப கள்ளன் ஒருத்தனும் வரேல்லையா அண்ணை?"

"இல்லையடா," என்றார் சண்முகராசா. "ஒருத்தரும் வரேல்லை."

கணேஸ்வரன் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான்.